அடாப்டர் பின் உள்ளே போய்விட்டது என்பதற்காக ஸ்விட்சைப் போடாதீர்கள்

ஒரு கல்யாண ரிசப்ஷனில், பாட்டு தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது எங்கள் குழுவின் கீபோர்டு செத்துப்போனது. அடாப்டர் வீட்டிலேயே தங்கிவிட்டது, மண்டபத்து அலுவலக அறையில் இருந்த வைஃபை ரவுட்டரின் அடாப்டரைக் கழற்றி வந்து செருகினோம், பின் கச்சிதமாக உள்ளே போனது, ஆனால் விளக்கு எரியவில்லை, சரியாகச் செருகவில்லையோ என்று இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தோம், அதற்குள் கருகிய வாசனை வந்துவிட்டது. அந்தக் கீபோர்டுக்கு வேண்டியது 9 வோல்ட், நடு முனை (பின்னின் உள் துளை) மைனஸ். நாங்கள் கொடுத்தது 12 வோல்ட், நடு முனை பிளஸ். இரண்டு விவரமும் கீபோர்டின் பின்புறத்திலும் அடாப்டரின் மேலும் அச்சடித்தே இருந்தன, ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை.

முதல் தவறே பின்னின் அளவை நம்புவதுதான். வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர், உள் துளை 2.1 மில்லிமீட்டர் என்ற அந்த உருண்டைப் பின்னை ரவுட்டர், சிசிடிவி கேமரா, கிட்டார் பெடல் (கிட்டார் ஒலியை மாற்றும் காலடிப் பெட்டி), கீபோர்டு என்று எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதன் வழியாக எத்தனை வோல்ட் வர வேண்டும், எந்தப் பக்கம் பிளஸ் என்பதில் எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது. பாஸ் (BOSS) நிறுவனத்தின் பெடல்கள் 9 வோல்ட், நடு முனை மைனஸ். யமஹாவின் சின்னக் கீபோர்டுகள் பல 12 வோல்ட், நடு முனை பிளஸ். ரவுட்டர் அடாப்டர்கள் பெரும்பாலும் நடு முனை பிளஸ்தான். ஆக, ஒரே மேடையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு அடாப்டர்கள் ஒன்றுபோலவே இருந்தும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருக்கலாம்.

பெடல்காரர்கள் ஏன் இப்படித் தலைகீழாக வைத்தார்கள் என்று கேட்பவர்களுக்கு: பெடலுக்குள் 9 வோல்ட் பேட்டரியும் இருக்கும். அடாப்டரைச் செருகினால் பேட்டரி தானாகத் துண்டிக்கப்பட வேண்டும். அந்த வேலையைச் செய்யும் சுவிட்ச், பவர் ஜாக்கின் வெளி வளையத்தோடு சேர்ந்தது. பேட்டரியின் மைனஸை ஏற்கெனவே கிட்டார் கேபிள் செருகும் ஜாக் இணைத்துத் துண்டிக்கிறது, அதனால் பிளஸை வெளி வளையத்துக்குக் கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது.

பிளஸ், மைனஸ் மாறிப்போனால் உள்ளே நடப்பது இதுதான். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் தலைகீழ் மின்னழுத்தத்தைத் தாங்காது, சூடாகி உப்பி வெடிக்கும். ஐசிக்கள் (சில்லுகள்) உள்ளே நேராக ஷார்ட் ஆகும். இதைத் தடுக்கத்தான் பல கருவிகளில் நுழைவாயிலிலேயே, கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டயோடு வைக்கிறார்கள். பவர் வரும் வழியில் தொடராக வைத்த டயோடாக இருந்தால் நீங்கள் தப்பித்தீர்கள், கருவி ஆன் ஆகாது, அவ்வளவுதான். பிளஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே வைத்த டயோடாக இருந்தால், தலைகீழாக வரும் கரண்டைத் தன் வழியாக ஷார்ட் செய்து தன்னைப் பலி கொடுத்து சர்க்யூட் போர்டைக் காப்பாற்றும். அங்கே பெரும்பாலும் இருப்பது 1என்4001 மாதிரி 1 ஆம்பியர் டயோடு. பழைய சின்ன அடாப்டராக இருந்தால் அந்த ஷார்ட்டிலேயே வோல்டேஜ் விழுந்துவிடும். இப்போது வரும் 12 வோல்ட் 2 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (கனமான டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத லேசான வகை) அடாப்டர்களில் கரண்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் கொஞ்சம் தாமதித்தாலும் டயோடு கருகித் தொடர்பு அறுந்துவிடலாம், அதற்குப் பிறகு வருவதெல்லாம் நேராக ஐசிக்குத்தான் போகும். நாங்கள் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்த ஒவ்வொரு முறையும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

அடுத்தது ஏசி, டிசி குழப்பம். டிசி என்றால் கரண்ட் ஒரே திசையில் ஓடும், ஏசி என்றால் திசை மாறி மாறி ஓடும். அடாப்டர் என்றாலே டிசி கொடுக்கும் என்று நினைக்கிறோம், அது உண்மையில்லை. ஆலெசிஸ் எஸ்ஆர்-16 டிரம் மெஷினுக்கு வந்தது 9 வோல்ட் ஏசி அடாப்டர். லைன் 6 நிறுவனத்தின் முதல் டிஎல்4 பெடலுக்கும் 9 வோல்ட் ஏசிதான். டிஜிடெக் வாமி பெடலில் நான்காம் பதிப்புக்கு 9 வோல்ட் ஏசி, ஐந்தாம் பதிப்புக்கு 9 வோல்ட் டிசி. பெயரும் ஒன்று, வோல்டேஜும் ஒன்று, அடாப்டர் மட்டும் வேறு. பழைய வாமியை விற்றுவிட்டுப் புதியதை வாங்கியவர் பழைய அடாப்டரையே செருகினால் ஒரு வினாடிக்கு 50 முறை போர்டுக்குத் தலைகீழ் பவர் போகும்.

பெரிங்கர், யமஹா தயாரிக்கும் சின்ன ஆடியோ மிக்ஸர்களிலும் பல ஏசி அடாப்டரில்தான் ஓடுகின்றன. காரணம் உண்டு. மிக்ஸருக்குள் ஒலியைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் ஐசிக்களுக்கு பிளஸ் 15, மைனஸ் 15 என்று இரண்டு வோல்டேஜ் வேண்டும், கண்டென்சர் மைக்குக்கு அதன் கேபிள் வழியாகவே போகும் 48 வோல்ட் ஃபேண்டம் பவர் வேண்டும். ஏசி உள்ளே வந்தால் சில டயோடுகளையும் கெப்பாசிட்டர்களையும் வைத்து இவை எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம். நல்லவேளையாக இந்த மிக்ஸர்களின் பின் பெரும்பாலும் மூன்று முனை கொண்ட வேறு வடிவம், ரவுட்டர் அடாப்டர் நுழையாது. ஆனால் ஒயரை வெட்டி "இரண்டு ஒயர்தானே" என்று ஒட்டுப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வோல்டேஜ் கூடினால் என்ன ஆகும்? கருவிக்குக் கருவி மாறும், அதுதான் ஆபத்து. சில பெடல்கள் 18 வோல்ட்டில் இன்னும் தெளிவாக ஒலிக்கும் என்று பேச்சு உண்டு, அவற்றில் சிலவற்றுக்கு அது சரியும்கூட. ஆனால் சில ஓவர்டிரைவ் பெடல்களில் உள்ளே மேக்ஸ்1044 என்ற ஐசி இருக்கும், அது 10 வோல்ட்டுக்கு மேல் ஓடுவதற்காகச் செய்ததே இல்லை. டிஜிட்டல் கருவிகளில் வரும் 9 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 ரெகுலேட்டர், 300 மில்லி ஆம்பியர் ஓடும்போது 1.2 வாட் சூட்டை உமிழும்; அதே இடத்தில் 18 வோல்ட் கொடுத்தால் 3.9 வாட். சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு (ஹீட்சிங்க்) இல்லாத ரெகுலேட்டர் அந்தச் சூட்டில் எத்தனை பாட்டு தாங்கும் என்று யோசியுங்கள்.

இந்த இடத்தில், பேட்டரிக்குப் பதிலாகச் செருகும் நம் ஊர் எலிமினேட்டர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 3, 4.5, 6, 7.5, 9, 12 என்று திருகும் சுவிட்ச், பல முனைகள் கொண்ட ஒயர், பிளஸ் மைனஸை மாற்றிச் செருகும் வசதி எல்லாம் உள்ள அந்தப் பெட்டி ரேடியோவுக்கு வந்தது. ரெகுலேட்டர் இல்லாத எலிமினேட்டர் 9 என்ற இடத்தில் வைத்தாலும் சுமை குறைவாக இருக்கும்போது 12, 13 வோல்ட் காட்டும், அதோடு ஸ்பீக்கரில் ஒரு உறுமலும் சேர்ந்து வரும். பையில் போட்டு எடுத்துப் போகும்போது சுவிட்ச் நகர்ந்துவிடுவதும் நடக்கும். கீபோர்டுக்கு இதைப் பயன்படுத்துவதை நான் முழுமையாக எதிர்க்கிறேன்.

ஆம்பியர் விஷயத்தில் தவறு எதிர்ப் பக்கம் நடக்கிறது, தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். 500 மில்லி ஆம்பியர் என்று போட்ட பெடலுக்கு 2 ஆம்பியர் அடாப்டர் போட்டால் எரிந்துவிடும் என்று கடையிலேயே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எரியாது. ஃபிரிட்ஜுக்கு வைத்த 16 ஆம்பியர் பாயிண்டில் ஒரு கொசுவிரட்டி மிஷினைச் செருகினால் அது எரிந்துவிடுகிறதா என்ன? கருவி தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். வோல்டேஜும் முனையும் சரியாக இருந்தால் ஆம்பியர் கூட இருக்கலாம், குறைவாகத்தான் இருக்கக் கூடாது. குறைந்தால் கருவி நடுவில் ரீஸ்டார்ட் ஆகும், ஒலி கரகரக்கும், அடாப்டர் கை வைக்க முடியாத அளவு சுடும்.

அமெரிக்காவில் இருந்து வரும் கருவிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அடாப்டரில் 100-240 என்று இருந்தால் பிளக்கின் வடிவத்தை மாற்றும் பொருள் மட்டும் போதும். 120 என்று மட்டும் இருந்தால், கனமான பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டராக இருந்தால், இங்கே செருகிய உடனே அது எரியும், எரிவதற்கு முன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வோல்டேஜை உங்கள் கருவிக்குள் தள்ளிவிடும். பிளக் பின்னின் வடிவத்தை மாற்றித் தரும் சின்னப் பொருள் வோல்டேஜை மாற்றாது. அதற்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

சரி, எப்படிச் சோதிப்பது? லேபிளில் நேர்கோடும் அதன் கீழே புள்ளிக்கோடும் இருந்தால் டிசி, நெளிந்த கோடு இருந்தால் ஏசி. நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி திறந்த வளையம், இரண்டு பக்கமும் பிளஸ் மைனஸ் என்று ஒரு படம் இருக்கும். புள்ளியோடு சேர்ந்த கோடு எந்தக் குறியில் முடிகிறதோ அதுதான் நடு முனை. லேபிள் அழிந்திருந்தால் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்புக் கம்பியை நடுத் துளைக்குள், கறுப்பை வெளியே வையுங்கள். எண்ணுக்கு முன் மைனஸ் வந்தால் நடு முனை மைனஸ். பூஜ்யம் காட்டினால் உடனே அடாப்டர் செத்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள், அது ஏசி அடாப்டராக இருக்கலாம், ஏசி அளவுக்கு மாற்றி இன்னொரு முறை பாருங்கள்.

தவறாகச் செருகிவிட்டால் சுவரில் உள்ள ஸ்விட்சை உடனே அணையுங்கள். அப்புறம் சரியான அடாப்டரைக் கொண்டுவந்து "ஓடுகிறதா பார்ப்போம்" என்று செருக வேண்டாம், ஷார்ட் ஆன டயோடு இருந்தால் அந்த நல்ல அடாப்டரும் போய்விடும். மெக்கானிக்கிடம் என்ன அடாப்டரை எத்தனை முறை செருகினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், தேடும் நேரம் பாதியாகக் குறையும். டயோடு மட்டும் போயிருந்தால் சில ரூபாய்ப் பொருள், அரை மணி நேர வேலை. ஆனால் அவர் அந்த டயோடை எடுத்துவிட்டு "இது இல்லாமலே ஓடுதே" என்று கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள், புதியது போடச் சொல்லுங்கள். எங்கள் கீபோர்டில் டயோடும் ரெகுலேட்டரும் மாற்றியபின் ஒலி திரும்ப வந்தது. இப்போது அதன் அடாப்டர் ஒயரில், பின்னுக்குப் பக்கத்திலேயே, "கீபோர்டு 9வி, நடு மைனஸ்" என்று எழுதிய வெள்ளை டேப் சுற்றியிருக்கிறது, கீபோர்டின் ஜாக்குக்கு மேலேயும் அதே எழுத்து.