ப்ளூஸ்கைக்குப் புதியவரா? நான் சொதப்பிய இடங்களில் நீங்களும் சொதப்ப வேண்டாம்

2024 நவம்பரில், அமெரிக்கத் தேர்தல் முடிந்த கையோடு எக்ஸ் என்று பெயர் மாறிய டுவிட்டரிலிருந்து ஆட்கள் மூட்டை முடிச்சுடன் கிளம்பினார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவனாகத்தான் நானும் அதே மாதிரியான சமூக ஊடகமான ப்ளூஸ்கைக்குப் போனேன். அந்த ஆண்டு பிப்ரவரி 6 வரை யாராவது அழைத்தால்தான் உள்ளே போக முடியும். நான் போனபோது கதவு அகலத் திறந்திருந்தது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் ஊரான சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) உட்கார்ந்து, தே தாரேக் (இழுத்து ஆற்றிய தேநீர்) ஆறுவதற்குள் கணக்கைத் திறந்துவிட்டேன். அந்த அவசரம்தான் முதல் தவறு.

முகப்பில் படம் இல்லை, யார் என்ன என்று ஒரு வரி இல்லை, ஒரு பதிவுகூட இல்லை. ஆனால் அன்று இரவே இருநூறு பேரைப் பின்தொடர்ந்தாயிற்று. பதிலுக்கு வந்தவர்கள் நாலே பேர், அதில் இரண்டு பேர் ஏதோ விற்கிறவர்கள். முகமே இல்லாத கணக்கு வரிசையாக வந்து கதவைத் தட்டினால் போலி என்றுதான் யாரும் நினைப்பார்கள். முதலில் ஒரு படம், எந்த ஊர் என்ன ஆர்வம் என்று இரண்டு வரி, நாலைந்து பதிவு. அப்புறம் ஆள் தேடுங்கள். சொந்தமாக இணைய முகவரி வைத்திருப்பவர்கள் அதையே கணக்குப் பெயராக வைத்துக்கொள்ளலாம், பெயருக்குப் பின்னால் எண்களைத் தொங்கவிட வேண்டியதில்லை.

அடுத்தது எழுத்துக் கணக்கு. இதில் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு பதிவுக்கு 300 எழுத்துதான் என்று பார்த்ததும், தமிழில் எழுதினால் பாதியில் நின்றுவிடும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தேன். மலேசிய இந்தியர்களின் தலைவர்களில் ஒருவரான துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி, பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில் தொழிலாளர்கள் தங்கள் காசைப் போட்டே தோட்டம் வாங்கியதைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் எனக்கே நாக்கு சுளுக்கியது. "தமிழ்லயே எழுதுங்க தம்பி, இடம் தாராளமா இருக்கு" என்று ஒரு பெரியவர் பதில் போட்டார். அவர் சொன்னது சரிதான். 'தோட்டம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். டுவிட்டர் அதில் த, ஓகாரக் குறி, ட, புள்ளி என்று தனித்தனியாகப் பிரித்து ஏழு என்று எண்ணும். ப்ளூஸ்கையோ நம் கண்ணுக்குத் தெரிவது போலவே தோ, ட், ட, ம் என்று நான்காகத்தான் எண்ணும். அதாவது அங்கே 280இல் திணறியவர்கள் இங்கே 300இல் கை காலை நீட்டி உட்காரலாம். ஆங்கில எழுத்தில் அடித்துக்கொண்டிருந்த நான்தான் இடத்தை வீணாக்கியிருக்கிறேன்.

சரி, தமிழுக்கு மாறியாயிற்று, ஆனாலும் ஆள் வரவில்லை. எழுதும் பெட்டிக்குக் கீழே மொழியைக் காட்டும் பொத்தான் ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுகொள்ளாமலே விட்டிருந்தேன். நான் தமிழில் எழுத எழுத, என் பதிவுகள் எல்லாம் ஆங்கிலம் என்ற முத்திரையோடு போய்க்கொண்டிருந்தன. தமிழ் மட்டும் போதும் என்று அமைப்பில் வைத்திருப்பவர்களின் ஓடைகளில் (ஃபீட்) அவை வடிகட்டப்பட்டுவிடும். யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர்களுக்கே போய்ச் சேரவில்லை! தமிழும் மலாயும் கலந்து எழுதுகிறவர்கள் இரண்டையும் தேர்ந்தெடுக்கலாம்.

புலனத்தில் (வாட்ஸ்அப்) வருகிற காலை வணக்கப் பூக்களை அப்படியே இங்கே கொண்டுவந்து கொட்டாதீர்கள். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

நான் சேர்ந்த சமயத்தில், ஒருமுறை போட்டுவிட்ட பதிவைத் திருத்தும் வசதி அங்கே கிடையாது. தெரிந்துகொண்டே அசட்டையாக இருந்தேன். எங்கள் ஊரைப் பற்றி ஒரு பதிவு. ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையடுத்து மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டதும் 1948இல். நான் அடித்தது 1984. கவனிப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் மறுபகிர்வு செய்துவிட்டார்கள். கீழே 'மன்னிக்கவும், 1948' என்று பதில் போட்டேன். ஆனால் மறுபகிர்வில் போவது மேலே இருக்கிற பதிவு மட்டும்தான், கீழே கிடக்கிற மன்னிப்பை யார் தேடிப் பார்ப்பார்கள்? அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்க வேண்டும். பத்து விருப்பக்குறி போய்விடுமே என்ற நப்பாசையில் இரண்டு நாள் விட்டுவைத்தேன். இப்போதெல்லாம் ஆண்டு, பெயர் வருகிற பதிவு என்றால் முதலில் கைப்பேசியின் குறிப்பேட்டில் எழுதி, தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஒருமுறை படித்துவிட்டுத்தான் போடுகிறேன்.

இருப்பதிலேயே பெரிய தவறு அக்கா மகளின் படம். பள்ளி விளையாட்டுப் போட்டியில் பதக்கம் வாங்கினாள், நான் பெருமையாகப் போட்டுவிட்டேன். ராத்திரி அக்கா கூப்பிட்டார்.

"ஏன்டா, புள்ள சட்டையில பள்ளிக்கூடப் பேரு தெரியுதே, பாத்தியா இல்லியா?"

"நம்ம குரூப்புல போடற மாதிரிதான்க்கா போட்டேன்."

"குரூப்புல நம்ம சொந்தக்காரவங்க இருக்காங்க. இதுல யாருடா இருக்கா?"

பதில் சொல்ல முடியவில்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்த காலத்தில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டாலும் அத்தையோ மாமாவோதான் கேட்பார்கள். அந்தப் பழக்கத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன், ஆனால் நிற்பதோ பெரிய சாலையில். ப்ளூஸ்கையில் கணக்கைப் பூட்டி வைக்கும் வசதி அப்போது இல்லை. கணக்கே இல்லாதவர்களும் பதிவைப் படிக்கலாம். வெளியே இருப்பவர்களுக்குக் காட்டாதே என்று அமைப்பில் சொல்லி வைக்கலாம், ஆனால் அது ஒரு வேண்டுகோள், பூட்டு அல்ல. நீங்கள் எதற்கு விருப்பக்குறி போட்டீர்கள், யாரைத் தடுத்தீர்கள் என்பதுகூடப் பொதுத் தரவுதான். அவருக்கே தெரியாமல் ஒதுக்க வேண்டிய சொந்தக்காரர் இருந்தால் தடுக்காதீர்கள், மியூட் செய்யுங்கள். அது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

சின்ன இடம்தானே, நம்மூர்க்காரர்கள் அதிகம் இல்லையே என்று வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்களையும் பார்க்கிறேன். இனம், சமயம், அரச குடும்பம் என்ற 3 ஆர் (ஆங்கிலத்தில் மூன்றுமே R எழுத்தில் தொடங்கும்) விஷயம் எங்கே எழுதினாலும் 3 ஆர்தான். இணையத்தில் புண்படுத்தும் பதிவுகளைத் தண்டிக்கும், மலேசியாவின் 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு செயலியின் வயதைப் பார்ப்பதில்லை.

கடைசியாக, படத்துக்கு விளக்கம் எழுதாமல் விடுவது. பால்மரத்தில் (ரப்பர் மரம்) பால் வடியும் கிண்ணமான மங்கு கட்டியிருக்கிற ஒரு படத்தை வெறுமனே போட்டேன். கண் பார்வையில்லாத ஒருவர், திரையைப் படித்துச் சொல்லும் செயலி 'படம்' என்று மட்டும் சொல்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். விளக்கம் எழுதாமல் பதிவு போகாதபடி அமைப்பில் வைத்துக்கொள்ள முடியும், அன்றே வைத்தேன். பிறகு 'காலை ஏழு மணி, பால்மரம், கட்டிய மங்கு' என்று அவருக்கு எழுதினால், "மங்குல பால் இருக்கா, காலியா?" என்று அடுத்த கேள்வி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மழைத் தண்ணீர்.