புள்ளியும் தள்ளுபடியும்: புதுக்கார் வாங்குகிறவர் கோட்டைவிடும் இடங்கள்

ஷோரூமில் நீட்டும் கொட்டேஷன் தாளை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். மேலே காரின் விலை இருக்கும். அதன்கீழே வரிசையாகக் கழித்தல் குறிகள்: நிறுவனச் சலுகை, டீலர் தள்ளுபடி, எக்ஸ்சேஞ்ச் போனஸ், கார்டு புள்ளிகள். அடியில் தடித்த எழுத்தில் ‘மொத்தச் சேமிப்பு’ என்று ஓர் எண். கண் நேராக அங்கேதான் போகும். போகட்டும் என்றுதான் அதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

அந்த எண்ணில் ஒரு கோளாறு உண்டு. அதில் உங்களுடைய பணமும் கலந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் கிரெடிட் கார்டைத் தேய்த்துச் சேர்த்த புள்ளிகள் உங்கள் சொத்து. அவற்றை டீலர் தந்த சலுகையோடு ஒரே வரிசையில் கூட்டிக் காட்டும்போது, உங்கள் சட்டைப்பையில் இருந்து எடுத்த காசை உங்களுக்கே பரிசாக நீட்டுகிறார்கள். புள்ளியையும் தள்ளுபடியையும் ஒன்றாகப் பயன்படுத்தப்போய் ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோர் சறுக்குவது இந்தக் கலப்படத்தில்தான்.

நானும் அப்படிச் சறுக்கியவன். முதல் கார் வாங்கப் போனபோது, உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்திலேயே “என்னிடம் புள்ளிகள் நிறைய இருக்கின்றன” என்று பெருமையாகச் சொன்னேன். விற்பனையாளர் முகம் மலர்ந்தது. எவ்வளவு என்று கேட்டு, தாளின் முதல் கழித்தலாக அதையே எழுதினார். பிறகு ஒரு மணி நேரம் பேரம் பேசினேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: “ஏற்கெனவே இவ்வளவு குறைந்திருக்கிறதே சார், இதற்குமேல் மேனேஜர் ஒத்துக்கொள்ள மாட்டார்.” குறைந்தது என்று அவர் பேனாவால் தட்டிக் காட்டிய தொகையில் முக்கால்வாசி என் புள்ளிகள். அது எனக்கு உறைத்தது வீட்டுக்கு வந்து தாளை மறுபடி பார்த்தபோதுதான். அடுத்த வாரம் வேறொரு ஷோரூமில் புள்ளிகளைப் பற்றி மூச்சு விடாமல் விலையை முடித்து, எழுதி வாங்கிக்கொண்டு, கடைசியில் அவற்றை எடுத்து வைத்தேன். அதே கார், அதே நிறம். இரண்டு தாளுக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தில் முதல் ஆண்டுக் காப்பீட்டுத் தொகை அடங்கிவிட்டது.

எனவே முதல் தவறு, புள்ளிகளை முன்கூட்டியே மேசைமேல் கொட்டுவது. கார் நிறுவனம் தன் பெயரில் வெளியிடும் கார்டுகளின் புள்ளிகள் எப்படி இயங்குகின்றன என்று பார்த்தால் காரணம் விளங்கும். நீங்கள் புள்ளியாகக் கொடுக்கும் தொகையை டீலர் பின்னர் நிறுவனத்திடமிருந்து வாங்கிக்கொள்கிறார். அவருக்கு அதில் ஒரு காசும் நட்டமில்லை. அவர் கணக்கில் அது நீங்கள் ரொக்கமாகக் கட்டிய முன்பணத்துக்குச் சமம். ரொக்கம் கொண்டுவந்திருக்கிறேன் என்பதற்காக விலையைக் கூட்டிச் சொன்னால் சும்மா இருப்போமா? புள்ளி விஷயத்தில் மட்டும் ஏனோ இருந்துவிடுகிறோம்.

இந்த வகைக் கார்டுகளுக்கு ஒரு கதையும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1992-இல் அமெரிக்காவில் தன் கார்டை வெளியிட்டது. கார்டில் செலவழித்ததில் 5 விழுக்காடு புதுக்காருக்கான கழிவாகச் சேரும்; ஆனால் ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு. அடுத்த ஆண்டே ஃபோர்டு நிறுவனமும் சிட்டிபேங்க்குடன் சேர்ந்து ஒரு கார்டு கொண்டுவந்தது. 1997-இல் அதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ‘பின்னால் எப்போதாவது வாங்கிக்கொள்ளலாம்’ என்று சேர்த்துக்கொண்டே போனவர்களுக்கு அந்த அறிவிப்பு ஒரு பாடம். புள்ளி என்பது ஒரு நிறுவனம் கொடுத்த வாக்கு. வங்கி வைப்பைப் போல அதை நம்பி ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட முடியாது.

இரண்டாவது தவறு, எல்லாக் கழிவையும் ஒரே பொருளாக நினைப்பது. எந்தக் கழிவைக் கண்டாலும், இது யார் பையிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். பொதுவாக நான்கு பைகள். உற்பத்தி நிறுவனம் தருவது ஒன்று. அதை டீலர் கூட்டவோ குறைக்கவோ முடியாது, நிபந்தனைகளும் மேலிருந்தே வரும். டீலர் தன் இலாபத்தில் விட்டுக்கொடுப்பது இரண்டாவது. பேரத்துக்கு அதிக இடம் இருப்பது இங்கேதான். கடன் தரும் வங்கியோ நிதி நிறுவனமோ வட்டியில் காட்டும் சலுகை மூன்றாவது. நான்காவது, உங்கள் புள்ளிகள். வெவ்வேறு பைகளில் இருந்து வருபவை பெரும்பாலும் சேரும். ஒரே பையிலிருந்து வரும் இரண்டு சில நேரம் சேராது. பணியாளர் விலை, சப்ளையர் விலை (நிறுவனத்துக்கு உதிரிபாகம் தருபவர்களுக்கான விலை) என்று நிறுவனமே நிர்ணயித்துத் தரும் திட்டத்தில் நீங்கள் நுழைந்தால், அதே நிறுவனத்தின் வேறு சில சலுகைகள் கதவைச் சாத்திக்கொள்ளும். அந்த விலையில் டீலருடன் பேரம் பேசுவதற்கும் அதிகம் மிஞ்சாது. “எல்லாம் சேரும் சார்” என்று வாய்வழியாகக் கிடைக்கும் உறுதியை நம்பாதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே யார் தருவது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் வரிதான் பில் போடும் நாளில் காணாமல் போகும் வரி.

எக்ஸ்சேஞ்ச் போனஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய காருக்குத் தாராளமாக விலை போட்டு, புதுக்காரின் தள்ளுபடியில் அதைப் பிடித்துக்கொள்வது பழைய வித்தை. இந்தக் கையால் கொடுத்து அந்தக் கையால் வாங்குவது. பழைய காரை வெளியே விற்றால் என்ன கிடைக்கும் என்று முன்பே விசாரித்துக்கொண்டு, புதுக்காரின் விலை முடிந்த பிறகே பழையதைப் பற்றிப் பேச்செடுங்கள்.

இனிக் கூட்டல் கழித்தல். 10 விழுக்காடும் 5 விழுக்காடும் சேர்ந்தால் 15 என்றுதான் மனம் கணக்குப் போடும். விலையை 1000 என்று வைத்துக்கொள்வோம். முதல் கழிவில் 900. அந்த 900-இல் 5 விழுக்காடு 45, மிஞ்சுவது 855. ஆகக் கழிவு 14.5 விழுக்காடுதான். இதில் பெரிய இழப்பில்லை, எதிர்பார்ப்பு மட்டும்தான் அடிபடுகிறது. வரிசை மாறும்போதுதான் கைக்காசு போகிறது. 5 விழுக்காடு தள்ளுபடியும் 50 மதிப்புள்ள புள்ளிகளும் இருக்கின்றன. தள்ளுபடியை முதலில் போட்டால் 950, புள்ளி போக 900. புள்ளியை முதலில் கழித்தால் 950, அதில் 5 விழுக்காடு போக 902.5. உங்கள் புள்ளி, விலையைக் குறைத்துத் தள்ளுபடியையும் சேர்த்துக் குறைத்துவிட்டது. விலையில் கால் விழுக்காடுதானே என்று தோன்றும். கார் விலையில் கால் விழுக்காட்டைத் தொகையாகப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். விழுக்காட்டில் வருபவை முதலில், தொகையாக வருபவை பிறகு, புள்ளிகள் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

அதிகப் பணம் புரளும் தவறு வேறிடத்தில் இருக்கிறது: ‘ரொக்கக் கழிவா, வட்டியில்லாக் கடனா’ என்ற கேள்வி. பல நேரம் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். வட்டியில்லை என்றதும் மயங்குகிறவர்கள் உண்டு. கழிவு என்றதும் பாய்கிறவர்களும் உண்டு. இரண்டுமே கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் முடிவு. அதே 1000 மதிப்புள்ள காரையே எடுத்துக்கொள்வோம். 60 கழிவு ஒரு பக்கம். 48 மாதங்களுக்கு வட்டியில்லாக் கடன் மறுபக்கம். கழிவை எடுத்தால் வெளியே 8 விழுக்காடு வட்டிக்குக் கடன் வாங்க வேண்டும்.

கையில் 200 இருக்கிறது, மீதிக்குக் கடன் என்றால்: வட்டியில்லாக் கடனில் 800 வாங்கி 800 கட்டுவீர்கள். கழிவை எடுத்தால் 740 கடன் வாங்கி, வட்டியோடு மொத்தம் ஏறத்தாழ 867 கட்டுவீர்கள். வட்டியில்லாக் கடனுக்கே வெற்றி, 67 மிச்சம். இப்போது கையில் 700 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டியில்லாக் கடன் என்றால் 300 கட்ட வேண்டும். கழிவோடு 240 கடன் வாங்கினால், வட்டி சேர்த்து ஏறத்தாழ 281. இந்த முறை கழிவுக்கு வெற்றி. காரும் சலுகையும் மாறவில்லை, கடன் தொகை மட்டும்தான் மாறியது. புள்ளிகள் இந்தக் கணக்கில் நுழைவதும் இங்கேதான். புள்ளிகள் கடன் தொகையைக் குறைப்பதால், அவற்றைக் கழித்த பின் வரும் தொகைக்கே இந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டும். மாதத் தவணையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். தவணைக்காலத்தை நீட்டினால் எந்தத் தவணையும் சின்னதாகத் தெரியும்.

தள்ளுபடியின் பெயரைப் பார்த்து வாங்குவதைப் பற்றி ஓர் உண்மைச் சம்பவம். 2005 கோடையில் ஜெனரல் மோட்டார்ஸ், தன் பணியாளர்களுக்கு மட்டும் இருந்த விலையை அமெரிக்காவில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஃபோர்டும் கிரைஸ்லரும் பின்தொடர்ந்தன. கூட்டம் அலைமோதியது, விற்பனை சாதனை படைத்தது. பின்னர் அந்த விற்பனையைப் பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது தெரிந்தது வேறு: அதற்கு முந்தைய வாரங்களிலேயே பெரிய கழிவுகள் இருந்திருக்கின்றன, ஆகவே பலர் முன்பு கிடைத்திருக்கக்கூடிய விலையைவிட அதிகமாகவே கொடுத்திருந்தார்கள். ‘பணியாளர் விலை’ என்ற சொல்லே அதைக் குறைந்த விலை என்று நம்ப வைத்துவிட்டது. சலுகைக்கு என்ன பெயர் வைத்தாலும் வைக்கட்டும். போன மாதம் இதே கார் என்ன விலைக்குப் போனது என்று கேட்பது நம் வேலை.

புள்ளிக்காகவே செலவழிப்பதும், கார்டு நிலுவையை அப்படியே விட்டுவைப்பதும் சேர்ந்தால் எல்லாச் சேமிப்பும் கரைந்துவிடும். கார்டு நிலுவைக்கான ஆண்டு வட்டி பல நாடுகளில் 20 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஒன்றோ இரண்டோ விழுக்காடு புள்ளி ஈட்ட அந்த வட்டியைக் கட்டுவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. முன்பணத்தைக் கார்டில் கட்டிப் புள்ளி சேர்க்கலாம் என்பவர்கள் முதலில் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும். கார்டில் எவ்வளவு வரை வாங்குவார்கள்? அதற்குக் கூடுதல் கட்டணம் உண்டா? கட்டணம் 2 விழுக்காடும் புள்ளி 1 விழுக்காடும் என்றால், புள்ளியை விலை கொடுத்து வாங்குகிறீர்கள் என்று பொருள்.

பொதுவான வங்கிப் புள்ளிகளில் இன்னொரு பொறி. அதே புள்ளிக்கு விமான டிக்கெட்டில் ஒரு மதிப்பு, பரிசுப் பொருளில் ஒரு மதிப்பு, கார் வாங்க ரொக்கமாக மாற்றும்போது வேறொரு மதிப்பு. கார் வாங்குகிற உற்சாகத்தில் எல்லாவற்றையும் அங்கேயே கரைக்க வேண்டியதில்லை. விலை முடிந்த பிறகு, “மிச்சப் புள்ளிக்கு சீட் கவர், பெயின்ட் பாதுகாப்பு, கூடுதல் வாரண்டி எடுத்துக்கொள்ளுங்களேன்” என்று ஒரு குரல் வரும். டீலருக்கு அதிக இலாபம் தரும் பொருள்கள் அவைதாம்.

வரியையும் மறக்கக்கூடாது. டீலர் விலையைக் குறைத்தால் வரியும் பொதுவாகக் குறைந்த விலைக்கே வரும். உற்பத்தியாளர் தரும் ரொக்கக் கழிவு அப்படியில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், எடுத்துக்காட்டாக, அதைக் கழிப்பதற்கு முந்தைய தொகைக்கே விற்பனை வரி விழும். உங்கள் ஊர் விதி என்ன என்று தெரிந்துகொண்டால், ஒரே அளவுள்ள இரண்டு கழிவுகளில் எது உண்மையில் பெரியது என்பது புலப்படும்.

மீதி எல்லாம் சின்ன எழுத்தில் இருப்பவை. சலிப்பானவை, ஆனால் அவற்றில் ஒன்று தவறினால் சேர்த்தது முழுவதும் போகும். புள்ளிகள் உங்கள் பெயரில் இருந்து, கார் வாழ்க்கைத்துணையின் பெயரில் பதிவானால் ஏற்பார்களா? இந்த மாடலுக்கு எவ்வளவு புள்ளிவரை அனுமதி? புள்ளிகள் எந்தத் தேதியில் காலாவதி? பல சலுகைகளில் முன்பதிவு செய்த நாளுக்கு மதிப்பில்லை, கார் கைக்கு வரும் நாள்தான் கணக்கு; காத்திருப்புப் பட்டியல் நீண்டால் சலுகை இடையிலேயே முடிந்துவிடும். அப்போது பழைய சலுகை தொடருமா என்பதை முன்பதிவுத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். புள்ளிகளை ஒப்படைத்த பிறகு ஏதோ காரணத்தால் வாங்குவது ரத்தானால், அவை கணக்கில் திரும்பி வருமா, எத்தனை நாளில் வரும் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள். கார்டு நிறுவனத்துக்கு ஒரு முறை நீங்களே போன் செய்து இவற்றைக் கேட்டுவிடுவது நல்லது. ஷோரூம்காரர் சொல்வதும் அவர்கள் சொல்வதும் ஒன்றாக இருந்தால், பேனாவை எடுக்கலாம்.