சீக்கிரம் வரும் பருவம்: மருத்துவர்கள் சறுக்கும் இடங்கள்

"நல்லா உயரமா வளர்றா, சந்தோஷப்படுங்க." ஏழு வயதுக் குழந்தையின் தாயிடம் பயிற்சி மருத்துவர் ஒருவர் போன வாரம் சொன்னார். பக்கத்தில் இருந்த எனக்குச் சுருக்கென்றது. இதே வார்த்தையை நானும் ஒரு தாயிடம் சொல்லியிருக்கிறேன்.

பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன்போ ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன்போ பருவ மாற்றம் தொடங்கினால் கவனிக்க வேண்டும். இது எல்லோருக்கும் மனப்பாடம். அதை விட்டுவிடுகிறேன்.

உயரத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவது

நான் அப்படிச் சொன்ன தாயின் மகள் காய்ச்சலுக்காக வந்தாள். வயது ஏழரை, உயரம் 127 சென்டிமீட்டர். பெற்றோர் இருவரும் நல்ல உயரம், மகளும் அப்படித்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். சரியாக ஒரு வருடத்துக்கு முந்தைய அளவும் கோப்பில் இருந்தது: 118. ஒரே வருடத்தில் 9 சென்டிமீட்டர். பருவம் தொடங்காத குழந்தை அந்த வயதில் வருடத்துக்கு 5, 6 சென்டிமீட்டர்தான் வளரும். இரண்டு எண்களும் அடுத்தடுத்த வரியில் இருந்தன. நான் கழித்துப் பார்க்கவில்லை. மார்பையும் பரிசோதிக்கவில்லை, காய்ச்சலுக்குத்தானே வந்திருக்கிறாள் என்று.

அடுத்த வருடம் மாதவிடாய் வந்துவிட்டதென்று அழைத்து வந்தார்கள். எட்டரை வயது. இடது கை எக்ஸ்-ரேயில் எலும்பு வயது 12, அதாவது எலும்புகள் 12 வயதுப் பிள்ளையுடையவை போல முதிர்ந்திருந்தன.

பருவத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் முதலில் உயரத்தை வாரிக் கொடுக்கும். எலும்பு முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகளைச் சீக்கிரம் மூடுவதும் அதேதான். இன்று வகுப்பிலேயே உயரமான பிள்ளை, வளர்ந்து முடிக்கும்போது குள்ளமாக நிற்கலாம். லியூப்ரோலைடு, டிரிப்டோரெலின் போன்ற ஊசிகளால் பருவத்தை நிறுத்தி வைக்க முடியும். ஆனால் தட்டுகளில் வளர்ச்சி மிச்சம் இருக்கும்போது போட்டால்தான் உயரத்துக்குப் பலன். அவளுக்கு அப்படி ஒரு வருடம் இருந்தது. அதை நான் பாராசிட்டமால் எழுதிக் கொடுத்துக் கழித்தேன்.

இன்றும் எரிச்சல் வருகிறது. உயரத்தை ஒழுங்காக அளந்து எழுதுகிறார்கள், வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைப்பதில்லை. அப்புறம் எதற்கு அளக்க வேண்டும்?

மார்பு வளர்ச்சியைக் கொழுப்பென்று கண்ணாலேயே முடிவு செய்வது

தொட்டுப் பாருங்கள். மார்புத் திசு முலைக்காம்புக்குக் கீழே கெட்டியாகத் தட்டுப்படும்.

பையன்களின் விதைகளை அளக்காமல் விடுவது

கூச்சப்பட்டு விடுகிறார்கள். நோய் எங்கே என்பதற்கான முதல் தடயமே அங்கேதான். விதைகள் இரண்டும் கன அளவில் தலா 4 மில்லிலிட்டரோ அதற்கு மேலோ இருந்தால் தூண்டுதல் பெரும்பாலும் மூளையிலிருந்து வருகிறது. பையன்களில் இதற்குப் பின்னால் கட்டி போன்ற காரணம் இருக்கும் வாய்ப்பு பெண் குழந்தைகளைவிட அதிகம், ஆகவே மூளைக்கு எம்ஆர்ஐ எடுக்காமல் இருக்கக் கூடாது. ரோமமும் ஆணுறுப்பும் வளர்ந்து விதைகள் மட்டும் சிறியதாகவே இருந்தால் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியைச் சந்தேகியுங்கள். ஒரு பக்கம் மட்டும் பெரிதாக இருந்தால் அந்த விதையிலேயே கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டில் யார் என்ன பூசுகிறார்கள் என்று கேட்காதது

அப்பா தடவும் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஜெல் தோலோடு தோல் பட்டுக் குழந்தைக்கும் போய்ப் பருவ மாற்றங்களைக் கொண்டுவரலாம்.

எல்லாவற்றுக்கும் பதறுவது

இரண்டு வயதுக்குள் மார்பு மட்டும் லேசாக வளர்ந்திருந்தால் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். உயரம் தாவாமல் வேறு மாற்றமும் இல்லாமல் இருந்தால் ஊசியைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். மூன்று, நான்கு மாதம் கழித்து வரச் சொல்லி மறுபடி அளந்து, பழைய எண்ணிலிருந்து கழித்துப் பாருங்கள்.