தோட்டா கிடைக்காத காலத்தில் என்ன செய்வது? புதிய துப்பாக்கி உரிமையாளர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

அமெரிக்காவில் முதல் துப்பாக்கி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியின் விலையை மட்டுமே கணக்குப் பார்க்கிறார்கள். கையைக் கடிப்பது தோட்டாச் செலவுதான். தட்டுப்பாடு வந்துவிட்டால் பணம் இருந்தும் பயனில்லை. 2012 டிசம்பரில் சாண்டி ஹுக் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பிறகு, புதிய சட்டங்கள் வரும் என்ற அச்சத்தில் மக்கள் வாங்கிக் குவித்தார்கள். மலிவுக்குப் பேர்போன பாயின்ட் 22 தோட்டாகூட அலமாரிகளில் இல்லாமல் போனது. 2020-ல் பெருந்தொற்றோடு அதே நிலை திரும்பியது. ஏராளமானோர் முதல்முறையாகத் துப்பாக்கி வாங்கிய அந்த ஆண்டில்தான், தோட்டாவும் தயாரித்துவந்த ரெமிங்டன் நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள்: பித்தளை உறை, பிரைமர் (ஊசி அடித்ததும் தீப்பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, முனையில் குண்டு. செம்பு, துத்தநாகம், ஈயம் எதன் விலை ஏறினாலும் தோட்டா விலை ஏறும். பிரைமர் தயாரிக்கும் நிறுவனங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. வெடிமருந்துக்கு அடிப்படையான நைட்ரோசெல்லுலோஸ் பீரங்கிக் குண்டுகளுக்கும் வேண்டும். 2022-ல் உக்ரைன் போர் மூண்ட பிறகு அதற்கான போட்டி கடுமையாகிவிட்டது. பதற்றம் தணிந்ததும் கிராக்கி விழுந்துவிடும் என்று தெரிந்த ஆலைகள் அவசரமாகப் புதிய இயந்திரங்களை நிறுவுவதில்லை. அதனால் பற்றாக்குறை மாதக்கணக்கில் நீள்கிறது.

முதல் படி: சட்டத்தைப் பாருங்கள்

நம்மவர்கள் பலர் கவனிக்காத ஒன்று. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோடு தோட்டாவையும் வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. உரிமம் பெற்ற கடைகளில் கைத்துப்பாக்கித் தோட்டா வாங்க 21 வயதும், ரைபிள், ஷாட்கன் தோட்டாவுக்கு 18 வயதும் ஆகியிருக்க வேண்டும். மாநில விதிகள் வேறு; இல்லினாயில் துப்பாக்கி உரிமையாளருக்கென மாநிலம் தரும் அடையாள அட்டை (FOID) இல்லாமல் வாங்க முடியாது.

இரண்டாம் படி: குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள்

தட்டுப்பாட்டில் நான் மிகவும் அஞ்சுவது வெறும் அலமாரியைப் பார்த்து அல்ல. 'இதுவும் கிட்டத்தட்ட அதே அளவுதானே' என்று வாங்கும் பெட்டியைப் பார்த்துத்தான். '9 எம்.எம். லூகர்' என்று குழலில் இருந்தால் பெட்டியிலும் அதுவே இருக்க வேண்டும். 9 எம்.எம். மகரோவ் வேறு தோட்டா. 223 ரெமிங்டன் என்று மட்டும் பொறித்த ரைபிளில் 5.56 நேட்டோ தோட்டாவைப் போடக் கூடாது. அழுத்தம் அளவு மீறலாம்.

ஷாட்கன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து. கேஜ் என்பது குழலின் அளவு; எண் பெரிதானால் குழல் சிறிது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் துப்பாக்கிக்குள் வழுக்கிப்போய்க் குழலின் உள்ளே சிக்கிக்கொள்ளும். பார்த்தால் தோட்டா அமரும் அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துப் பிளக்கும். 20 கேஜ் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பது இதற்காகத்தான். இரண்டையும் ஒரே பையில் எடுத்துப்போகாதீர்கள்.

மூன்றாம் படி: உங்கள் தேவையைக் கணக்கிடுங்கள்

ஒரு மாதத்தில் எத்தனை தோட்டா சுடுகிறீர்கள் என்று எழுதிவையுங்கள். மாதம் 100 என்றால், ஆறு மாதத்துக்கு 600 கையிருப்பு போதும். விலை தணிந்திருக்கும்போது மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாக வாங்கி அந்த அளவை எட்டுங்கள். பதற்றத்தின் உச்சத்தில் இரட்டை விலை கொடுத்துப் பெட்டி பெட்டியாகச் சுமந்து வருவது வீண்செலவு.

ஒப்பிடும்போது ஒரு தோட்டாவின் விலையைப் பாருங்கள். 50 தோட்டாப் பெட்டி 16 டாலர் என்றால் ஒன்று 32 சென்ட். இணையத்தில் 1000 தோட்டா 280 டாலர் என்றால் 28 சென்ட். அனுப்பும் செலவு 30 டாலர் சேர்ந்தால் 31 சென்ட் ஆகிவிடும். மிச்சம் அநேகமாக இல்லை.

நான்காம் படி: தோட்டா இல்லாமல் பழகுங்கள்

குறி தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம் விசையை வெடுக்கென்று இழுப்பதுதான். அதைத் திருத்த ஒரு தோட்டாவும் தேவையில்லை.

தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றுங்கள். துப்பாக்கியின் மேலே நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, தோட்டா அமரும் அறைக்குள் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி, காலியாக இருப்பதை உறுதிசெய்யுங்கள். வீட்டிலுள்ள எல்லாத் தோட்டாக்களும் வீட்டின் வேறு அறையில் இருக்கட்டும். குண்டைத் தடுக்கக்கூடிய கனமான சுவரை நோக்கி மட்டுமே குறிவையுங்கள். மெல்லிய பலகைச் சுவர் ஆகாது. குழல் நுனியில் குறிபார்க்க உதவும் முன்குறியின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாதபடி விசையை மெதுவாக, நேராகப் பின்னோக்கி அழுத்துங்கள். தொடக்கத்தில் நாணயம் விழுந்துகொண்டே இருக்கும். பத்து நிமிடம் போதும்; களைத்த கை தவறான பழக்கத்தைத்தான் கற்கும்.

பாயின்ட் 22 துப்பாக்கிகள் பலவற்றில் இப்படி வெறுமனே இழுத்தால் தோட்டாவை அடிக்கும் ஊசி, தோட்டா அறையின் விளிம்பில் மோதிச் சேதமாகலாம். அவற்றுக்கு, மருந்தில்லாத பயிற்சித் தோட்டா வாங்கிக்கொள்ளுங்கள்.

பயிற்சி முடிந்ததும் துப்பாக்கியைப் பூட்டிவைத்துவிடுங்கள். தோட்டா நிரப்பிய பிறகு 'இன்னும் ஒருமுறை' என்று விசையைத் தொடும் கணம்தான் மிக ஆபத்தானது.

ஐந்தாம் படி: சேமிப்பும் சந்தேகத் தோட்டாக்களும்

அசல் பெட்டியிலேயே, குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டிவையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைக்காதீர்கள். பழையதை முதலில் சுடுங்கள்.

தட்டுப்பாட்டின்போது யாரோ வீட்டில் நிரப்பிய தோட்டாக்கள் பாலித்தீன் பைகளில் விற்பனைக்கு வரும். எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். மருந்து குறைந்த தோட்டா 'டப்' என்று மந்தமாக ஒலிக்கும். குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். அந்த ஒலி கேட்டால் அடுத்த தோட்டாவைச் சுடாதீர்கள். துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி தோட்டாக்களை இறக்கிவிட்டு, பயிற்சிக்கூடப் பொறுப்பாளரிடம் காட்டுங்கள்.