ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எந்தத் திறமை? கண்டுபிடித்து வளர்க்க ஒரு செய்முறை

ஃப்ரீலான்ஸ் பக்கம் வர நினைப்பவர்கள் பலர் எடுத்த எடுப்பில் ஒரு கோர்ஸுக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். எதைக் கற்க வேண்டும் என்று முடிவாகும் முன்பே செலவு. உங்களுக்கு எக்செல் தெரியும் என்பதற்காக யாரும் காசு தருவதில்லை. பன்னிரண்டு மாதக் கணக்கு ஒரே ஷீட்டில், பிழையில்லாமல், சொன்ன தேதிக்குக் கைக்கு வந்தால் தருவார்கள். அதனால் அந்த முனையிலிருந்து தொடங்குவோம்.

படி 1: முடித்த வேலைகளை எழுதுங்கள்

"எனக்கு என்னவெல்லாம் தெரியும்" என்று உட்கார்ந்தால் பயோடேட்டா வாசகங்கள்தான் வரும். கடந்த ஒன்றிரண்டு வருடங்களில் நீங்கள் முடித்துக் கொடுத்தவற்றை எழுதுங்கள்: ஆபீஸில் மாதாமாதம் போட்ட ரிப்போர்ட், நண்பருக்குச் செய்து கொடுத்த போஸ்டர், யாருக்கோ திருத்திக் கொடுத்த கட்டுரை. சம்பளம் வாங்காத வேலையும் கணக்கில் சேரும். எந்த வேலைக்காக இரண்டாம் முறையும் உங்களையே தேடி வந்தார்களோ, அதற்கு அடியில் கோடு போடுங்கள்.

படி 2: விளம்பரங்களைப் படியுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். அப்வொர்க், ஃப்ரீலான்சர் டாட் காம் போன்ற, ஆள் தேடுபவர்கள் வேலையை அறிவிக்கும் தளங்களில், கோடு போட்ட வேலைக்கு நெருக்கமான விளம்பரங்கள் முப்பதையாவது படியுங்கள். என்ன கேட்கிறார்கள், எந்த மென்பொருளில், எத்தனை நாளில், என்ன தொகைக்கு என்று ஒரு ஷீட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். பத்துப் பதினைந்து தாண்டியதும் ஒரே கோரிக்கை திரும்பத் திரும்ப வருவது தெரியும். எக்செல் என்றால், வெறும் டேட்டா என்ட்ரிக்குப் போட்டி அதிகம், தொகை குறைவு. பல ஃபைல்களைச் சுத்தம் செய்து ஒன்றாக்குவது, பிவட் டேபிளில் (நீளமான பட்டியலைச் சுருக்கித் தொகுத்துக் காட்டும் எக்செல் வசதி) ரிப்போர்ட் போடுவது போன்றவற்றுக்கு நிலைமை கொஞ்சம் தேவலை.

2010-ல் தொடங்கிய ஃபைவர் தளத்தில் பெரும்பாலும் வேலை செய்பவர்களே தங்கள் சேவையைப் பட்டியலிட்டு வைப்பார்கள். அங்கே ரிவ்யூக்களைப் படியுங்கள். ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளைத் தாண்டிப் போய், மூன்று நட்சத்திரம் கொடுத்தவர் என்ன குறை சொல்கிறார் என்று பாருங்கள். "வேலை சரி, ஆனால் பதிலே போடவில்லை" என்ற ரகம்தான் கண்ணில் படும். அதுவும் ஒரு திறமைக் குறைவே.

படி 3: ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

விளம்பரங்களில் அடிக்கடி வருவது, உங்களிடம் இல்லாதது, ஆனால் தெரிந்ததற்கு அடுத்த வீடாக இருப்பது. இந்த மூன்றும் பொருந்துவதை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். பிவட் டேபிள் போடத் தெரிந்தவருக்கு அடுத்தது எக்செல்லிலேயே இருக்கும் பவர் குவெரி. ஒரே ஃபோல்டரில் கிடக்கும் ஃபைல்களை அது ஒன்றாகச் சேர்த்துவிடும். பைத்தான் மாதிரி புரோகிராமிங் மொழியைப் பிறகு பார்க்கலாம்.

படி 4: நிஜ வேலை போலப் பழகுங்கள்

சேமித்த விளம்பரங்களில் ஒன்றை எடுங்கள். அதைக் கிளையன்ட் உங்களிடமே கொடுத்ததாக வைத்துக்கொண்டு கெடு தேதி போடுங்கள். தரவு வேண்டுமா? உலக வங்கியின் திறந்த தரவுத் தளத்திலும், பலர் தரவுகளைப் பகிரும் காகிள் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கும். எத்தனை மணி நேரம் ஆனது என்று கட்டாயம் குறியுங்கள். முடித்ததை இந்தத் துறை தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். நீங்கள் விளக்காமல் அவருக்குப் புரிய வேண்டும்.

இப்படி மூன்று மாதிரிகள் போதும். முன்பு எப்படி இருந்தது, பின்பு எப்படி ஆனது, நடுவில் நீங்கள் செய்தது என்ன என்று நாலு வரி சேர்த்துப் போர்ட்ஃபோலியோவில், அதாவது கிளையன்ட்டுக்குக் காட்டும் மாதிரித் தொகுப்பில், வையுங்கள். பயிற்சிக்காகச் செய்தது என்பதை மறைக்க வேண்டாம்.

படி 5: பேசி முடிக்கப் பழகுங்கள்

கை வேலை நன்றாக இருந்தும் பலர் சறுக்குவது இங்கேதான். எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் இப்படி எழுத்தில் அனுப்புங்கள்: "12 ஃபைல்களைச் சேர்த்து ஒரு ரிப்போர்ட் தருகிறேன். இரண்டு முறை திருத்தம் இதில் அடங்கும். புது ஃபைல் சேர்ந்தால் தனிக் கட்டணம். பாதித் தொகை முன்பணம்." இதை எழுதக் கூச்சமாக இருந்தால், மாதிரி வேலைகளுக்கும் இதே போல எழுதிப் பழகுங்கள்.

அப்புறம் முதல் வேலை. ஓரிரு நாளில் முடியக்கூடிய சிறியதாக எடுங்கள். முடித்ததும், நினைத்த நேரத்தையும் உண்மையில் ஆன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிளையன்டோடு பேசியது, திருத்தியது எல்லாம் சேர்த்து. அடுத்த வேலைக்குக் கட்டணம் சொல்லும்போது இரண்டாவது எண்ணிலிருந்து கணக்குப் போடுங்கள்.