மேட்ச் பார்க்க வெளிநாடு போகிறீர்களா? முதலில் திரும்பும் டிக்கெட்டைக் காட்டுங்கள்

போன மாதம் தெரிந்த பையன் ஒருவன் தன் பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பியிருந்தான். வெள்ளி இரவு கிளம்புவது, சனிக்கிழமை ஊர் சுற்றுவது, ஞாயிறு மேட்ச், திங்கள் விடியற்காலை ஃப்ளைட், இறங்கிய கையோடு ஆபீஸ். படித்ததும் எனக்குப் பகீரென்றது. 2023-இல் நான் போட்ட திட்டம் அப்படியே இதுதான். அவனுக்கு எழுதிய பதிலைத்தான் கொஞ்சம் விரித்து, செய்யக் கூடாத தவறுகளின் பட்டியலாக இங்கே எழுதுகிறேன். பாஸ்போர்ட் காலாவதி, விசா, சார்ஜர் எல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள், அதை விட்டுவிடுவோம்.

மேட்ச் முடிந்ததும் திரும்ப டிக்கெட் போடுவது

ஆசியக் கோப்பை, கொழும்பு பிரேமதாச மைதானம், செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. இந்தியா–பாகிஸ்தான் சூப்பர் ஃபோர் (கடைசி நான்கு அணிகள் மோதும் சுற்று) ஆட்டம். எட்டாம் தேதி, அதாவது இரண்டே நாள் முன்னால், அந்தச் சுற்றில் இந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் திங்கட்கிழமையை ரிசர்வ் டேயாக, அதாவது மழையால் ஆட்டம் முடியாவிட்டால் தொடர்வதற்கான மாற்று நாளாக, அறிவித்தார்கள். கையில் இருக்கும் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், மறுநாளும் அதுவே செல்லும் என்று அறிவிப்பிலேயே இருந்தது. நானும் படித்தேன். ஆனால் திங்கள் காலை ஃப்ளைட்டைத் தள்ளிப்போடக் கேட்ட கட்டணம் டிக்கெட் விலையில் பாதிக்கு மேல். மழை வந்தாலும் நின்றுவிடும், ஓவரைக் குறைத்தாவது அன்றைக்கே முடித்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ரோஹித்தும் கில்லும் அரைசதம் அடித்தார்கள். முதல் விக்கெட்டுக்கு 121 ரன். 24.1 ஓவரில் 147-க்கு 2 என்று இருந்தபோது மழை கொட்டத் தொடங்கியது. மழை விட்ட பிறகும் மைதானம் காயவில்லை. ஈரம் தங்கிய இடங்களில் மின்விசிறியை வைத்து உலர்த்திக்கொண்டிருந்தார்கள், நடுவர்கள் வந்து காலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மறுபடியும் மழை. அன்றைய ஆட்டம் அவ்வளவுதான். பக்கத்து இருக்கைப் பெரியவர் டிக்கெட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு மூணு மணிக்குப் பார்ப்போம் தம்பி" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் கோலி 122, ராகுல் 111, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. ஒருநாள் போட்டிகளில் கோலி 13,000 ரன்னைத் தாண்டியது அன்றைக்குத்தான். குல்தீப் ஐந்து விக்கெட், 228 ரன் வித்தியாசத்தில் வெற்றி. அத்தனையையும் நான் செல்போனில் பார்த்தேன், செல்லுபடியாகும் டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டே. விமானம், அறை, லீவு என்று எல்லாம் செலவழித்து நான் நேரில் பார்த்தது 24.1 ஓவர். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இது எப்போதோ ஒரு முறை நடப்பதும் இல்லை. 2019 உலகக் கோப்பை அரையிறுதி, மான்செஸ்டர்: ஜூலை 9 அன்று நியூசிலாந்து 46.1 ஓவரில் நின்றது, மீதியும் இந்தியாவின் முழு இன்னிங்ஸும் 10-ஆம் தேதி. அதாவது தோனி ரன் அவுட் ஆன அந்த நிமிடம் இரண்டாம் நாள் இருந்தவர்களுக்கு மட்டும்தான். 2021 சவுதாம்ப்டன் டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆறாம் நாள்தான் முடிந்தது. முதல் நாள் ஒரு பந்துகூடப் போடவில்லை. கார் பந்தயமும் இப்படித்தான். 2019-இல் ஜப்பானின் சுசுகாவில் புயல் காரணமாகச் சனிக்கிழமை முழுவதும் ரத்து, தகுதிச்சுற்று ஞாயிறு காலைக்குப் போனது. 2023-இல் இத்தாலியின் இமோலாவில் வெள்ளத்தால் பந்தயமே நடக்கவில்லை.

அதனால் ஃப்ளைட் போடுவதற்கு முன்னால் போட்டி விதிகளில் ரிசர்வ் டே உண்டா என்று பாருங்கள். நின்ற இடத்திலிருந்து தொடருமா, அதே டிக்கெட் செல்லுமா என்பதும் அங்கேயே இருக்கும். இருக்கிறது என்றால், திரும்பும் டிக்கெட் அந்த நாளுக்கும் மறுநாள் காலை. அறையை ஒரு இரவு கூடுதலாக, ரத்து செய்தால் பணம் திரும்பும்படி எடுங்கள். லீவு இல்லை, அவ்வளவு நாள் முடியாது என்கிறவர்கள் முன்னாலிருந்து வெட்டுங்கள்: வெள்ளி இரவுக்குப் பதில் சனி இரவு போய் இறங்குங்கள். சனிக்கிழமை சுற்றிப் பார்க்கவேண்டிய இடம் எங்கேயும் ஓடிவிடாது.

இல்லை, ஒரு நாள்கூடக் கூடுதலாகக் கிடைக்காது என்றால், ரிசர்வ் டே இல்லாத லீக் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். மழை வந்தால் அன்றோடு முடிந்தது, ஆனால் நீங்கள் ஊர் திரும்பிய பிறகு மீதியை ஆடமாட்டார்கள்.

டிக்கெட் எதுவரை செல்லும் என்று பார்க்காமல் வாங்குவது

சிங்கப்பூர் கிராண்ட் பிரீ கார் பந்தயத்தில் மரினா பே சாலைகளை நான்கு மண்டலமாகப் பிரித்திருப்பார்கள். நான்காம் மண்டலத்து டிக்கெட்டை வைத்துக்கொண்டு முதல் மண்டலத்துக்குள் போகமுடியாது. பலர் உள்ளே வந்து, பிட் (கார்களுக்கு டயர் மாற்றும் இடம்) பக்கம் எப்படிப் போவது என்று ஊழியர்களிடம் கேட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸில் கிரவுண்ட் பாஸ் என்ற பொது நுழைவுச் சீட்டு வாங்கினால் முக்கிய அரங்கமான ராட் லேவர் கிடையாது. விலை குறைவாக இருக்கிறதென்றால் எங்கே கதவு மூடுகிறது என்று வரைபடத்தை வைத்துப் பாருங்கள்.

தேதியை இந்திய நேரத்தில் படிப்பது

2023 லாஸ் வேகாஸ் கார் பந்தயம் இந்தியாவில் ஞாயிறு காலை 11.30 மணி. அங்கே அது சனிக்கிழமை இரவு 10. டிவி அட்டவணையைப் பார்த்து ஃப்ளைட் போட்டால் பந்தயம் முடிந்த பிறகு போய் இறங்குவீர்கள்.

மைதானத்துக்கு எதிரிலேயே அறை

சாலையை அடைத்துவிடுவார்கள், டாக்சி வராது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எடுங்கள்.

பெரிய பை

விம்பிள்டனில் 40×30×30 செ.மீ. தான் எல்லை. மற்ற இடங்களிலும் முந்தின நாளே பாருங்கள்.

யாரோ விற்கும் டிக்கெட்

வேண்டாம்.

கடைசி ரன்னோடு கேட்டுக்கு ஓடுவது

அதே ஆசியக் கோப்பையின் இறுதி ஆட்டம், செப்டம்பர் 17, அதே மைதானம். இந்தியப் பந்துவீச்சாளர் சிராஜ் ஒரே ஓவரில் நான்கு விக்கெட் எடுத்தார், மொத்தம் ஆறு, இலங்கை 15.2 ஓவரில் 50 ரன்னுக்குச் சுருண்டது, இந்தியா 6.1 ஓவரில் முடித்துவிட்டது. நாள் முழுவதும் இருக்கும் என்று வந்தவர்களுக்கு மாலைப் பொழுது மொத்தமும் கையில் நின்றது. இப்படியும் ஆகும் என்பதால் அந்த ஊரில் போக ஒன்றிரண்டு இடங்களைக் குறித்து வைத்திருங்கள். ஆனால் உடனே எழுந்து ஓடாதீர்கள். கேட்டில் எப்படியும் அரை மணி நேரம் நெரிசல்தான், அந்த நேரத்தை இருக்கையிலேயே கழிக்கலாம். அன்றைக்கு ஆட்ட நாயகன் பரிசுத் தொகையை மைதான ஊழியர்களுக்குக் கொடுப்பதாகச் சிராஜ் அறிவித்தார். முந்தின ஞாயிறு என் கண்ணெதிரே தார்ப்பாயை இழுத்து, மின்விசிறி வைத்து மைதானத்தைக் காயவைத்த அதே ஆட்கள். கூட்டத்துக்குப் பயந்து முன்னாலேயே வெளியேறியவர்கள் இதை வீட்டுக்குப் போய்ச் செய்தியில்தான் பார்த்திருப்பார்கள்.