பழைய செடான் பெட்ரோல் குடிக்கிறதா? தெர்மோஸ்டாட்டையும் பிரேக்கையும் முதலில் பாருங்கள்

மைலேஜ் கணக்கை ஃபியூல் முள்ளை வைத்துப் போடாதீர்கள். பங்கில் நாசில் தானாக நிற்கும் வரை ஃபுல் டேங்க் அடித்து, கிலோமீட்டரைக் குறித்து வையுங்கள். முந்நூறு கிலோமீட்டராவது ஓடிய பிறகு அதே பங்கில் அதே மாதிரி நிரப்புங்கள். 390 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 13. ஆற்காடு ரோடு நெரிசலில் ஓடும் வண்டியையும் ஆம்பூருக்கு ஹைவேயில் போய்வரும் வண்டியையும் ஒப்பிட வேண்டாம்.

வேலூர் வெயிலில் வண்டி சூடாகிறது என்று தெர்மோஸ்டாட் வால்வையே (இன்ஜின் சூடாகும் வரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு) கழற்றிவிடும் வழக்கம் நம் பக்கம் உண்டு. தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். வால்வு இல்லாத இன்ஜின் உரிய சூட்டுக்கு வரத் தாமதமாகும். ஹைவே காற்றில் மறுபடி ஆறிவிடும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கூடுதல் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். வாலாஜா பக்கம் 80-ல் போகும்போது டெம்பரேச்சர் முள் இறங்கி, ஊருக்குள் வந்ததும் ஏறுகிறதா? வால்வு இல்லை, அல்லது திறந்தபடியே சிக்கியிருக்கிறது. புது வால்வும் கேஸ்கெட்டும் போடுங்கள். வண்டி சூடானதற்கு உண்மைக் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன் மோட்டார், ரிலே இவற்றில் ஒன்றாக இருக்கும். போர் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரில் உப்பு படிந்திருக்கும். அதைச் சுத்தம் செய்து, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்புங்கள். இன்ஜின் ஆறாமல் மூடியைத் திறக்கவே கூடாது.

அடுத்தது பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுவது. பத்து கிலோமீட்டர் அதிகம் பிரேக் போடாமல் ஓட்டி நிறுத்தி, நான்கு ரிம்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். முன் சக்கரம் இறுக்கமாக இருந்தால் கேலிப்பரின் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) ஸ்லைடு பின் துருப்பிடித்திருக்கலாம். சுத்தம் செய்து பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் தடவினால் சரியாகும். பின் சக்கரமென்றால் ஹேண்ட்பிரேக் கேபிளைப் பாருங்கள்.

டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடும் முன், கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பிடியுங்கள். வெயிலில் ஓடிய டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். எம்பிஎஃப்ஐ வண்டியில் (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் போகும் வண்டி) ஏர் ஃபில்டர் அடைத்தால் பிக்கப்தான் முதலில் போகும், மைலேஜ் பெரிதாகக் குறையாது.

80-லிருந்து 100-க்குப் போனால் காற்று எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது நியூட்ரல் போடாதீர்கள். இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் பெரும்பாலான எம்பிஎஃப்ஐ இன்ஜின்களில் பெட்ரோல் நின்றுவிடும். நியூட்ரலில் ஐடிலுக்கு எரியும், பிரேக்கும் சூடேறிவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கொஞ்சம் குறைந்தால் இ20 பெட்ரோலைக் கணக்கில் சேருங்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20 சதவீதம் கலக்கும்போது லிட்டருக்கு ஆறேழு சதவீதம் போகும். பழைய ரப்பர் ஃபியூல் ஹோஸை வளைத்துப் பாருங்கள். வெடிப்போ கசிவோ தெரிந்தால் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள்.